ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வந்துவிட்டால்

ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ் அடிவாரத்தில் நின்றபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். 54,000 ரூபாய் வரவு. மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, இதே 54,000 ஏற்கெனவே வந்திருந்தது. மலைமேல் ஒரு தங்கும் விடுதிக்கு நான்கு காட்டேஜ்களின் உள் அலங்காரத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தேன். பில் 60,000; பத்து சதவீதம் டி.டி.எஸ். (நம் பேரில் வருமான வரியாகக் கட்டுவதற்குப் பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிப்பது) போக 54,000. வேலை ஒன்று, பில் ஒன்று, வரவு மட்டும் இரண்டு.

சேலத்தில் தனியாகத் தொழில் செய்கிற யாருக்கும் இது வரலாம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர், வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர், செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசுகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறவர் என்று எல்லோருக்கும்தான். கொடுத்த அட்வான்ஸைக் கழிக்க மறந்துவிடுவார்கள், ஒரு சைபர் கூடிவிடும், முதலாளி ஒரு பக்கமும் அக்கவுண்டண்ட் ஒரு பக்கமுமாக அனுப்பிவிடுவார்கள். மாதச் சம்பளக்காரருக்கு என்றால் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிசெய்துவிடுவார்கள். நமக்கு அந்த ஏற்பாடு கிடையாது. விதி என்ன என்று நாமே தெரிந்துவைத்திருந்தால்தான் கைப்பணம் போகாது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் கொடுத்துவிட்டது தெரியாமல் மற்றவரும் 100 கொடுக்கிறார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்பியே ஆக வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதினது, என் வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதினதுபோல இருக்கிறது. கேட்டு வழக்குப் போட அவர்களுக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. தவறு எப்போது தெரியவந்ததோ, அல்லது கொஞ்சம் கவனித்திருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ, அந்த நாளிலிருந்து அந்த மூன்று வருடம் ஓடும். "ஆறு மாசம் ஆச்சு, யாரும் கேக்கல" என்பதால் அது நம் பணமாகிவிடாது.

தெரியாமல் செலவழித்தது குற்றமில்லை. தெரிந்த பிறகும் நேர்மையில்லாமல் வைத்துக்கொண்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 314-ஆவது பிரிவு வருகிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. அதனால், கண்ணில் பட்ட அன்றைக்கே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பணத்தை மறுநாள்கூட அனுப்பலாம். "இரண்டாம் முறை வந்திருக்கிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்ற அந்த மெயில்தான் நம் நேர்மைக்குச் சாட்சி.

ஆனால், பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்.எம்.எஸ்ஸை நம்பாதீர்கள். வங்கி ஆப்பிலோ பாஸ்புக்கிலோ வரவு, அனுப்பியவர் பெயர், யூ.டி.ஆர். எண் (அந்தப் பரிமாற்றத்துக்கான தனி எண்) மூன்றையும் பாருங்கள். "கூடுதலா போட்டுட்டேன், இந்த நம்பருக்கு உடனே அனுப்புங்க" என்று முன்பின் தெரியாதவர் அவசரப்படுத்தினால் அது பெரும்பாலும் மோசடி. வந்திருக்கவே இருக்காது, வந்திருந்தாலும் வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கும், பிறகு நம் கணக்குதான் முடக்கப்படும். கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்களாக எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

இனி முக்கியமான இடம்: எவ்வளவு திருப்புவது? விடுதியின் அக்கவுண்டண்டுக்கு போன் செய்தேன். நல்ல மனிதர், பதறிவிட்டார். பிறகு சொன்னார்: "மேடம், அறுபதாயிரமாவே போட்டுருங்க. எங்க புக்ல ரெண்டாவது பில் அறுபதுன்னுதான் ஏறியிருக்கு."

"சார், எனக்கு வந்தது ஐம்பத்தி நாலுதாங்க. மிச்ச ஆறாயிரம் டி.டி.எஸ்ஸா உங்ககிட்டதான் இருக்கு. இன்னும் கட்டியிருக்க மாட்டீங்க."

அது ஜூன் மாத நடுவில். ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. ஜூலை 7 வரவில்லை, ஆகவே இரண்டாவது 6,000 அவர்கள் கையிலேயே இருந்தது. அவர் சொன்னபடி நான் 60,000 திருப்பியிருந்தால் 6,000 என் பையிலிருந்து போயிருக்கும். அப்புறம் அவர்கள் இரண்டாவது பதிவை அடித்துவிட்டால், என் பான் எண்ணிலும் அந்த 6,000 இருக்காது. கையில் வந்த தொகை எதுவோ அதை மட்டும் திருப்ப வேண்டும். பிடித்ததைச் சரிசெய்வது பிடித்தவர் வேலை.

வரி கட்டிவிட்டிருந்தாலும், பிடித்த வரிக்கு அவர்கள் தரும் காலாண்டு அறிக்கையே தாக்கல் ஆகியிருந்தாலும் கணக்கு இதேதான். அவர்கள் திருத்த அறிக்கை போட வேண்டும். இதை மெயிலிலேயே கேட்டு வாங்குங்கள். திருத்தாமல் விட்டால், நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும், நாம் 26 ஏ.எஸ். என்று சொல்லிப் பழகிய பட்டியலில் உங்களுக்கு 1,20,000 வந்ததாகவும் 12,000 பிடித்ததாகவும் நிற்கும். வரவைக் காட்டாமல் வரியை மட்டும் உங்கள் கிரெடிட்டாக எடுத்தால் ரிட்டர்ன் பொருந்தாது. பயந்துபோய் முழுவதையும் வருமானமாகக் காட்டினால், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டும் என்னைப் போன்றவர்களுக்கு வராத லாபம் 30,000 ஏறும். திருத்தும்வரை, வருமான வரித் தளத்தில் நம் வரவு விவரங்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். பகுதியில் அந்தப் பதிவு சரியல்ல என்று குறித்துவைக்கலாம். உங்கள் கணக்கு நோட்டிலும் அதை வருமானத்தில் எழுதாமல், திருப்பித் தர வேண்டியது என்று எழுதுங்கள். மார்ச் கடைசியில் வந்து ஏப்ரலில் திருப்பினால் இந்த ஒரு வரிதான் ஆடிட்டருக்குப் பதில் சொல்லும்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் இங்கே பொதுவாகப் பதிவு கட்டாயம். பதிவு உள்ளவர்கள் கவனிக்க: பில் சரியாக இருந்து பணம் மட்டும் கூடுதலாக வந்திருந்தால் பில்லைத் தொட வேண்டாம். பில்லிலேயே தொகை கூடிப்போயிருந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும். அதை அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டலாம்.

எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்புங்கள். "முதலாளியோட ஜிபே நம்பருக்குப் போட்டுருங்க" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் புத்தகத்தில் அந்தப் பணம் திரும்பி வந்ததாகவே இருக்காது, நாளைக்கு மறுபடி கேட்பார்கள். நெஃப்டில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். குறிப்பில் பில் எண்ணும் 'இரட்டை வரவு திருப்பம்' என்றும் போடுங்கள். பிறகு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு மெயில் கேளுங்கள்.

அடுத்த வேலைக்கு அட்வான்ஸாக வைத்துக்கொள்ளலாமா? அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் தாராளமாக. பழைய பாக்கி இருக்கிறது என்று சொல்லாமல் கழித்துக்கொள்வதுதான் ஆபத்து; பாக்கி நியாயமாகவே இருந்தாலும், நம் பேர் கெடுவது அங்கேதான். கடன் தவணைக்கே அந்தப் பணம் போய்விட்டது என்றால் பொறுப்பு போகாது. ஆனால், நான்கு தவணையில் தருகிறேன் என்று எழுதிக் கேட்கலாம், முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். பேச்சு முற்றி நோட்டீஸ் வரை போனால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

54,000-ஐ மறுநாள் காலை பத்தரைக்கு அனுப்பினேன். முதல் காலாண்டு அறிக்கைக்கு ஜூலை 31 கடைசி நாள். ஆகஸ்ட் நடுவில் வருமான வரித் தளத்துக்குள் போய்ப் பார்த்தேன். விடுதியின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு பதிவு: 60,000, பிடித்தது 6,000.