கேப்டன்: பெயர் ஒன்று, பதவி வேறு

1999 ஜூலையில் கார்கில் போரில் உயிர்நீத்த விக்ரம் பத்ரா ஒரு கேப்டன். வயது 24. 1971 டிசம்பரில் குக்ரி போர்க்கப்பலோடு கடலில் மூழ்கிய மகேந்திர நாத் முல்லாவும் கேப்டன்தான். அவருக்கு வயது 45. ஆனால் இருவர் பதவியும் ஒன்றல்ல. தரைப்படையில் லெப்டினன்டுக்கு அடுத்த படி கேப்டன். அதிகாரியாகச் சேர்ந்து 2 ஆண்டுகளில் அந்தப் பதவி வந்துவிடும். கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்குச் சமமானவர். நடுவில் மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று இரண்டு படிகள் இருக்கின்றன.

லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தலைமை தாங்குபவர் என்பதுதான் பொருள். எதற்குத் தலைமை என்பதில்தான் பாதை பிரிந்தது. தரையில் கம்பெனி எனப்படும், நூறு பேர் அளவிலான பிரிவை நடத்தியவர் கேப்டன். கடலில் ஒரு முழுக் கப்பலையே நடத்தியவர் கேப்டன். பெரிய போர்க்கப்பலில் பல நூறு பேர் இருப்பார்கள், பீரங்கிகள் இருக்கும், கரையிலிருந்து உடனே உத்தரவு கேட்கவும் வழியில்லை. அவ்வளவு பொறுப்பைச் சுமந்தவரைக் கர்னலுக்கு இணையாக வைத்தது நியாயம்தான். இன்றைக்கும் சிறிய போர்க்கப்பலின் தலைமை அதிகாரி கமாண்டராகவோ அதற்கும் கீழ்ப் பதவியிலோ இருந்தாலும், கப்பலில் இருப்பவர்களுக்கு அவர் கேப்டன்தான். அங்கே அது பொறுப்பின் பெயர். தோள்பட்டைப் பட்டைகளைப் பொறுத்ததல்ல.

விமானப்படை பின்னால் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படை 1919இல் தனக்கென்று பதவிப் பெயர்களை வகுத்துக்கொண்டது. 1932இல் தொடங்கிய இந்திய விமானப்படைக்கும் அவையே வந்தன. அங்கே வெறும் கேப்டன் கிடையாது, குரூப் கேப்டன் உண்டு. அவர் கர்னலுக்குச் சமம். 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா குரூப் கேப்டன். செய்தி எழுதும்போது 'குரூப்' என்பதை விட்டால் அவரை மூன்று படி இறக்கிவிடுகிறோம். அப்படியானால் தரைப்படைக் கேப்டனுக்கு இணை யார்? கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேர்ப்பொருளை அப்படியே தரும் சொல் நம்மிடம் இருக்கிறது: தலைவர். 'தளபதி' பொருந்தாது. கடற்படைத் தளபதி என்றால் அந்தப் படைக்கே தலைவரான அட்மிரலைத்தான் நினைப்போம். சிலர் மீகாமன் என்று எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் அது கலத்தைச் செலுத்துபவனைக் குறிப்பது. அகநானூற்றில் வரும் நீகானும் கரை மாடத்தின் விளக்கொளியைப் பார்த்துக் கலத்தைச் செலுத்துபவன்தான். கப்பலின் தலைமைப் பொறுப்பைச் சொல்ல 'கப்பல் தலைவர்' போதும். பதவியைச் சொல்லும்போது மட்டும் கேப்டன் என்றே வைத்துக்கொண்டு (இலங்கையில் கப்டன் என்பார்கள்), முன்னால் தரைப்படையா கடற்படையா என்று தவறாமல் சேர்ப்பதே என் பரிந்துரை.