பீப்பாய் – சொல் விளக்கம்

கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் செய்தியில் கண்ணில் படுகிற சொல் பீப்பாய். சன்னல், அலமாரி, சாவியோடு சேர்ந்து கடல் வழியாக வந்த போர்த்துகீசியச் சொல் அது. மூலம் ‘பீப்பா’. தமிழ் வாயில் கடைசியில் ஒரு ‘ய்’ ஒட்டிக்கொண்டது.

பிறந்த ஊரில் பீப்பா என்றால் திராட்சை மதுவின் நினைவுதான் முதலில் வரும். வடக்குப் போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் மதுவை இன்றும் பீப்பாக் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு பீப்பா 550 லிட்டர். எண்ணெய்ப் பீப்பாயோ 159 லிட்டர்தான். டோருவில் கருங்கல் தொட்டியில் ஆட்கள் வரிசையாகத் தோள்மேல் கைபோட்டு நின்று பழத்தை மிதிப்பார்கள். சாறு பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுவார்கள். மிஞ்சிய சர்க்கரைதான் இந்த மதுவின், அதாவது போர்ட் வைனின், இனிப்பு. முன்பெல்லாம் பீப்பாய்களைப் படகில் ஏற்றி, ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் கையா நகரக் கிடங்குகளுக்குக் கொண்டுபோவார்கள். மரத்துக்குள் வருடக்கணக்கில் கிடந்து சிவப்பு மங்கிப் பழுப்பேறிய வகைக்கு டானி என்று பெயர்.

சரி, பீப்பாவுக்கு வேர் எது? குருவி கீச்சிடுவதைக் குறித்த ஒரு லத்தீன் வினை. அதிலிருந்து ஊதுகுழல், அப்புறம் குழாய், அப்புறம் நீண்ட மரக்கலன் என்று பொருள் நகர்ந்தது. ஆங்கிலப் பைப்புக்கும் அதே வேர்தான். ஆக, தெருக் குழாயைப் பைப் என்கிறோமே, அதுவும் பீப்பாயும் உடன்பிறப்புகள்.

பீப்பாய்க்குத் தமிழில் மிடா என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மிடா என்பது பெரிய மண்பானை. பேச்சில் மொடா. மொடாக்குடியன் என்கிறோமே, அந்த மொடா. பலகைகளை நெருக்கி இரும்பு வளையம் பூட்டிய கலனுக்கு அது பொருந்தாது. மரமிடா என்றால் ஏற்கலாம். பீப்பாய் என்றே எழுதினாலும் குறையில்லை, நம் இலக்கணத்துக்கு முழுக்கப் பழகிவிட்ட சொல் அது.

மிடா கச்சிதமாகப் பொருந்தும் இடம் போர்ச்சுகலிலேயே வேறொன்று இருக்கிறது. தெற்கே அலெந்தேஜு பகுதியில் ரோமானியர் காலத்திலிருந்தே ஆளுயரப் பானைகளில் மது புளிக்கவைக்கிறார்கள். பானையின் பெயர் தால்யா. உள்சுவரில் பைன் மரப் பிசின் பூசி, பழத்தைத் தோலோடு போடுவார்கள். புளிப்பு ஓய்ந்ததும் தோலும் காம்பும் அடியில் படியும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் அடியிலுள்ள துளையைத் திறப்பார்கள். படிந்த தோலே வடிகட்டியாகி, மது தெளிந்து சொட்டும்.

தேறியது, அதாவது தெளிந்தது, தேறல். சங்கப் புலவர்கள் புழங்கிய சொல். தால்யா மதுவை நான் ‘மிடாத்தேறல்’ என்றுதான் எழுதுவேன்.