லீக் ஆகவில்லை என்பதால் அது நல்ல சிலிண்டர் ஆகிவிடாது

போன சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அப்பாவும் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் என் பட்டறைக்கு வந்தார்கள். வெளியூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல், நல்ல கம்பெனி, மேல்பூச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி பழுதில்லை. "அண்ணே, பாப்பா கைக்கு கிரிப் பெருசா இருக்கு, புதுசு போடணும். சைட்டும் மாத்திடுங்க. ட்ரிகர் இன்னும் லேசா வேணும்" என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பிஸ்டலில் குண்டைத் தள்ளுகிற அழுத்தக் காற்றை அடைத்து வைக்கிற சிலிண்டரைக் கழற்றி விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடியில் 03 12 என்று பொறித்திருந்தது, அதாவது 2012 மார்ச். அந்தத் தயாரிப்பாளர் அதற்குச் சொன்ன ஆயுள் 10 வருஷம். 2022-லேயே முடிந்துபோன சிலிண்டரில் முழுக் காற்றை அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் அந்தப் பெண்.

இந்த வருஷம் எனக்கு இது ஐந்தாவது. இதற்கு மேலும் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒரு வெண்கலமும் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வாங்கிய பிறகு, புதுச்சேரியிலும் கடலூரிலும் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்கிற பெற்றோர் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மனதார சந்தோஷம். புது பிஸ்டல் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்காது, அதனால் பழசு வாங்குகிறார்கள், அதிலும் தப்பே இல்லை. நல்ல பழைய பிஸ்டல் இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும். ஆனால் வாங்கியதும் எதை மாற்றுவது என்று யோசிக்கும்போது எல்லோருக்கும் கண்ணில் படுவதுதான் முதலில் வருகிறது. கிரிப் என்கிற கைப்பிடி, குறிபார்க்கிற சைட், ட்ரிகர். சிலிண்டர் கடைசியில்கூட வருவதில்லை.

நான் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமை வந்தவரும் சொன்னார்: "ஒரு பொட்டு லீக் இல்லண்ணே. ராத்திரி நிரப்பி வச்சா காலையில அதே 200 காட்டுது."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். லீக் என்பது ஓ-ரிங் சமாச்சாரம். ஒரு ரப்பர் வளையம் காய்ந்தாலோ வால்வு முகத்தில் தூசி உட்கார்ந்தாலோ காற்று கசியும், சில ரூபாய் வளையத்தை மாற்றினால் நின்றுவிடும். சிலிண்டர் வெடிப்பது உலோகத்தின் சமாச்சாரம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அந்த உலோகம் மயிரிழை அளவுக்கு விரிகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. தினமும் பயிற்சி செய்கிறவர் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்புவார், பத்து வருஷத்தில் அது ஆயிரக்கணக்கில் போய்விடும். கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். பத்து தடவை வரைக்கும் கம்பி நன்றாகத்தான் இருக்கும், அடுத்த மடக்கில் கையோடு வந்துவிடும். முறிவதற்கு முந்தைய நொடி வரை அந்தக் கம்பி உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்காது. சிலிண்டரும் அப்படித்தான். களைத்துப்போன உலோகம் முந்தின நாள் ராத்திரி வரை 200 பார் அழுத்தத்தைத் துளி கசியாமல் பிடித்து வைத்திருக்கும். கேஜில் தெரிவது காற்றின் அழுத்தம் மட்டும்தான், அந்த உலோகத்தில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று கேஜ் காட்டாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் தேதி போட்டுக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 10 வருஷம். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை அதன் கையேட்டில் பாருங்கள், விற்றவர் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

200 பார் என்றால் எவ்வளவு என்று பலருக்கும் தெரிவதில்லை. ஸ்கூட்டர் டயரில் நாம் அடிப்பது சுமார் 2 பார். சமையல் காஸ் சிலிண்டருக்குள் இருப்பது நம் ஊர் வெயிலிலும் பத்து பாருக்குள்தான். அதற்கே மேல்வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று காலாண்டும் வருஷமும் எழுதி, அடுத்த சோதனைத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதே என்கிறோம். விவரம் தெரிந்த அம்மாக்கள் தேதி பார்க்காமல் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. அதே வீட்டில் பிள்ளை கன்னத்துக்கு ஒரு அடி தூரத்தில் வைத்துத் திருகுகிற சிலிண்டருக்கு யாரும் தேதி பார்ப்பதில்லை. போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியிலேயே சிலிண்டர் காலாவதி ஆகாமல் இருப்பது வீரரின் பொறுப்பு என்று இருக்கிறது.

அப்புறம் நம் கடற்கரைக் காற்று. கைப்பம்பில் அடிக்கிறவர்கள் இங்கே நிறைய. ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரிந்து உள்ளே தங்கும், பம்பில் உள்ள வடிகட்டியை மாற்றாமல் ஓட்டினால் இன்னும் மோசம். முடிந்தவரை டைவிங் சிலிண்டரிலிருந்து உலர்ந்த காற்றை நிரப்புங்கள். புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் தாய் சிலிண்டர் 300 பார் என்றால் வால்வை ஒரே வெட்டாகத் திறக்காதீர்கள். ஒரு பையன் அப்படித் திறந்து என் கண் முன்னால் கேஜ் கண்ணாடி பறந்து சுவரில் அடித்திருக்கிறது. அவன் முகம் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நினைக்கப் பிடிக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் புகுந்த வீடுகளில் நனைந்த பிஸ்டல்களும் இப்போது கை மாறிக்கொண்டிருக்கின்றன. சிலிண்டர் கழுத்து மரையில் வெள்ளைப் பொடியோ பழுப்புக் கறையோ இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வெல்டிங் கடை ஆக்சிஜனை நிரப்பலாமா என்று போன மாதம் ஒருவர் கேட்டார். கூடாது. கூடவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் உள்ளே இருக்கிற கிரீஸ் தானே தீப்பிடிக்கும். இதில் பேச ஒன்றுமில்லை.

ரொம்பப் பழைய பிஸ்டல் என்றால் அது கார்பன் டை ஆக்சைடில் ஓடுவதாக இருக்கலாம். அந்த வாயு 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரவமாக நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும், சித்திரை வெயிலில் காலையில் ஒரு இடத்திலும் மதியம் வேறு இடத்திலும் குண்டு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பழைய சிலிண்டரிலேயே 200 பார் காற்றை அடைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அது அந்த அழுத்தத்துக்குச் செய்ததே இல்லை. தயாரிப்பாளரே காற்றுக்கு மாற்ற உதிரிபாகங்கள் கொடுத்தால் மாற்றலாம், இல்லையென்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை மாற்ற வேண்டாம்? பேரல் வேண்டாம். அரை கிராம் ஈயக் குண்டு அந்த எஃகை நம் ஆயுசில் தேய்க்காது. சைட் நேராக நின்றால் போதும். ட்ரிகரை லேசாக்கச் சொல்லி ஸ்பிரிங்கை வெட்டச் சொல்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் இழுவை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும், எடைக்கல் தூக்கித்தான் சோதிக்கிறார்கள், பிள்ளை போட்டி வாசலிலேயே திரும்பி வருவாள். குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃபில் இருபது குண்டு சுட்டுப் பார்க்கிறேன், வேகம் ஒரே சீராக இருந்தால், காற்றழுத்தத்தைச் சீராக்குகிற ரெகுலேட்டரில் கை வைக்க மாட்டேன். ஓ-ரிங்குகளை மட்டும் மொத்தமாக மாற்றிவிடுவேன். கிரிப் மாற்றுவது நல்ல செலவு, இலக்கில் பத்தாம் வளையம் வெறும் 11.5 மி.மீ., கை சரியாக உட்காரவில்லை என்றால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் வீண். ஆனால் புது சிலிண்டருக்கும் நல்ல கிரிப்புக்கும் ஏறக்குறைய ஒரே காசுதான் ஆகும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் இந்த வருஷம் சிலிண்டர், அடுத்த வருஷம் கிரிப். அதுவரை கைக்கு ஏற்ற மாதிரி மரத்தைக் கொஞ்சம் இழைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

வாங்குவதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், தேய்த்திருந்தால், "கேஸுக்குள்ள இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றால் வேண்டாம். இரண்டு சிலிண்டர் தந்தால் இரண்டிலும் பாருங்கள். நிரப்பிய சிலிண்டரைப் பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் விடாதீர்கள், 30 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 220 ஆகிவிடும். நிரப்பும்போது மெதுவாக, முகத்தை விலக்கி, பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாமல். "ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கடையில் டெஸ்ட் பண்ணித் தர்றேன்னாங்க" என்று சொல்லி வராதீர்கள், தயாரிப்பாளர் ஏற்காத சோதனைக்கு மதிப்பில்லை. காலாவதியானதைப் பழைய இரும்புக் கடையில் முழுசாகப் போடாதீர்கள், யாராவது எடுத்துத் திரும்ப நிரப்புவார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

சனிக்கிழமை அந்த அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கொடுத்த பணம் கண்ணில் நின்றது, புரிந்தது. கடைசியில் "வெட்டிடுங்கண்ணே" என்றார். காற்றை மெல்ல மெல்ல இறக்கி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் வால்வை ஊசியால் அழுத்திப் பார்த்து, வைஸில் பிடித்து ஹாக்ஸா போட்டேன். உள்பக்கம் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவம், விரலில் ஒட்டியது. அந்தப் பெண் ஒரு பாதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் வச்சுக்கட்டுமா அங்கிள், கிளப்ல காட்டணும்" என்றாள். கொடுத்தேன். புது சிலிண்டர் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை காற்றும் குண்டும் இல்லாமல் குறிபார்த்து ட்ரிகரை மட்டும் இழுக்கிற ட்ரை ஃபயர், தினமும் நூறு பண்ணச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.