கேபினட்டோடு ஓசியாக வந்த எஸ்எம்பிஎஸ்

போன வியாழக்கிழமை மதியம் ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வாசலில் வந்து இறங்கினார் ஒருவர். ஆட்டோ அவருடையதுதான். மகள் பி.ஆர்க் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ரெண்டரிங்குக்கு, அதாவது வரைந்த கட்டடத்தை நிஜப் படம் மாதிரி உருவாக்கும் வேலைக்கு, லேப்டாப் இழுக்கவில்லை என்று நகையை அடகு வைத்து டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறார். பக்கத் தகட்டைக் கழற்றும்போதே கருகல் வாடை அடித்தது. இந்த மாதத்தில் என் மேஜைக்கு வந்த நாலாவது கேஸ் இது. மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

உள்ளே இருந்த சாமான்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. அந்தப் பெண் விசாரித்துத்தான் பட்டியல் போட்டிருக்கிறாள். எல்லாச் சாமானுக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவான எஸ்எம்பிஎஸ் மட்டும் பட்டியலிலேயே இல்லை; கேபினட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது. "450 வாட்டுனு அதுலயே போட்டிருக்கே தம்பி, கடையிலயும் தாராளமாப் போதும்னுதான் சொன்னாங்க" என்றார். ரெண்டரிங் ஓடும்போது மட்டும் சிஸ்டம் தானாக அணைந்திருக்கிறது. மூன்று வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி பட்டென்று சத்தம். போர்டும் கார்டும் போய்விட்டன.

450 வாட் என்று போட்டிருந்தால் 450 வாட் கிடைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். தயவுசெய்து அந்தப் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். அதே ஸ்டிக்கரில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். +12வி என்ற கட்டத்தைத் தேடி, அதன் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைக்கு வரும் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். அவர் கொண்டுவந்த டப்பாவில் 14 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐயும் 14ஐயும் பெருக்கினால் 168 வாட். 3060 கார்டு தனியாகவே 170 வாட் கேட்கும். பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 76 வாட். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் அதற்கு மேல். 450இல் மீதிக் கணக்கு முழுவதும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டியது; அது அந்தக் கார்டுக்கு உதவாது. அந்த 168ஐயாவது உருப்படியாகத் தந்திருக்குமா என்பதே சந்தேகம். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது, காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 12 வோல்ட் கட்டத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 3060க்குக் கம்பெனியே சொல்லும் அளவு 550 வாட்தான். நாலாயிரம் ரூபாய் பக்கத்தில் வரும்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் கார்டுக்கு 8 பின் பவர் ஒயர் வேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் ஒயர் இரண்டைச் சேர்த்து, கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் உருகி ஒட்டிப்போயிருந்தது. அந்த ஒயர் இல்லாத எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு ஆனதில்லை. கன்வெர்ட்டர் போட்டால்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அசெம்பிள் செய்யும் தம்பிகளுக்கும் சொல்கிறேன், உங்கள் கையால் அந்த ஒயரை மாட்டாதீர்கள். எரிந்த தடம் இருக்கும் கார்டை வாரண்டியில் எடுக்கமாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

750 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறுமே என்று கேட்பவர்களும் தினமும் வருகிறார்கள். ஏறாது. கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் எஸ்எம்பிஎஸ் இழுக்கும், கூடவே கொஞ்சம் சூடாக வீணாகும். 80 பிளஸ் சான்று உள்ளதில் அந்த வீணும் குறைவு. ஆனால் வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டு போட்ட சிஸ்டத்தை அதில் மாட்டிவிட்டு, கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் அணைகிறது என்று வராதீர்கள். அப்படியே மூன்று பின் பிளக்பாயிண்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீசியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று வரும் வீடுகளில் பாதிக்கு மேல் எர்த்தே இருப்பதில்லை.

மற்றப் பொருத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போர்டின் பெயரையும் பிராசஸரின் பெயரையும் எழுதிக்கொண்டு, போர்டு கம்பெனியின் தளத்தில் இருக்கும் பிராசஸர் பட்டியலில் தேடுங்கள். குழியில் உட்கார்ந்துவிட்டால் ஓடும் என்று அர்த்தமில்லை. இன்டெல் 7ஆம் தலைமுறையும் 8ஆம் தலைமுறையும் ஒரே எல்ஜிஏ 1151 சாக்கெட்தான். ஆனால் 7ஆம் தலைமுறைப் போர்டில் 8ஆம் தலைமுறைப் பிராசஸர் ஓடாது. பழைய பி450 போர்டில் ரைசன் 5600 ஓடும், ஆனால் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்திருக்க வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 ரேம் போடுவது தனி, டிடிஆர்5 போடுவது தனி. இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், வெட்டு மட்டும் இடம் மாறி இருக்கும். அழுத்தி நுழைத்து ஸ்லாட்டை உடைத்துக் கொண்டுவருகிறார்கள். இன்டெல்லில் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே டிஸ்ப்ளே கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் படம் வராது. போர்டு போச்சு என்று பதறி வந்த எத்தனையோ பேரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் கேபினட்டின் அளவோடு மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிடுங்கள்.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஐ7 ஃபுல் செட் என்று விளம்பரம் பார்த்து ஓடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ7 2600 அல்லது ஐ7 3770 என்ற பழைய பிராசஸர். முன்னது 2011இல் வந்தது, பின்னது 2012இல். 2022இல் வந்த ஐ3 12100 அதைவிட எவ்வளவோ வேகம். விண்டோஸ் 11 முறைப்படி பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்று இதை வாங்கிக் கொடுத்துவிட்டு வரும் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

வாங்கும் முறையிலும் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. இந்த மாதம் கார்டு, அடுத்த மாதம் ரேம், ஆஃபர் வந்தால் போர்டு என்று ஐந்து மாதமாகச் சேர்க்கிறார்கள். பிராசஸர் இல்லாமல் போர்டை எப்படிச் சோதிப்பீர்கள்? எல்லாம் வந்து மாட்டும் அன்றைக்குத்தான் ரேம் செத்தது தெரிகிறது. ஆன்லைனில் மாற்றித் தரும் அவகாசம் ஏழு நாளோ பத்து நாளோதான். வாரண்டியும் பில் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். பணத்தைத்தான் சேர்க்க வேண்டும், சாமானை அல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடையானாலும் சரி, ஒரே நாளில் வாங்கி, கடையிலேயே மாட்டி, டிஸ்ப்ளே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பில் இல்லாமல் ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறது என்றால், அது உங்கள் வாரண்டிக்குக் கொடுக்கும் விலை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் கார்டுக்கு இங்கே சர்வீஸ் உண்டா என்று அவர் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் பிராசஸரும் ரேமும் தப்பித்தன. எஸ்எஸ்டியும் தப்பித்தது, அவளுடைய கல்லூரி வேலை அத்தனையும் அதில் அப்படியே இருக்கிறது. போர்டு வாங்கிப் போட்டு, ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் மாட்டி, என்னிடம் கிடந்த ஒரு பழைய கார்டை இப்போதைக்குக் கொடுத்திருக்கிறேன். ரெண்டரிங் மெதுவாக ஓடும், ஆனால் அணையாது. புதுக் கார்டுக்கு அவர் மறுபடி சேர்க்க வேண்டும்.

நீங்கள் வாங்கப் போவதை ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை முதல் வரியில் எழுதுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் சர்வீஸ் பார்க்கும் யாரிடமாவது காட்டுங்கள். பத்து நிமிட வேலை. என் கடைக்கு எடுத்து வந்தால் பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.