பதினான்கு கேள்விகளில் பிடிபடும் வழு

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உபுண்டு, டெபியன் போன்ற திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) இயங்குதளங்களை வெளியீட்டுக்கு முன்பே தன்னார்வலர்கள் நிறுவிச் சோதிக்கிறார்களாமே, நிரல் எழுதத் தெரியாத தமக்கு அங்கே என்ன வேலை இருக்க முடியும் என்பது அவருடைய ஐயம்.

கோவையில் பம்பு செய்யும் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. பட்டறை மேடையில் சரியான மின்னழுத்தத்திலும் தெளிந்த நீரிலும் குறையின்றி ஓடிய மோட்டார், தாராபுரத்துத் தோட்டத்துக் கிணற்றில் குறைந்த மின்னழுத்தத்தோடும் மணல் கலந்த நீரோடும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தக் கிணறுதான் சொல்லும். இயங்குதளமும் அப்படித்தான். 2017 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 17.10, சில லெனோவோ மடிக்கணினிகளில், கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளைச் சேமிக்க முடியாதபடி செய்துவிட்டதால், அதன் மேசைக்கணினிப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து அந்த டிசம்பரில் எடுக்க நேர்ந்தது. காரணம், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் இருந்த ஒரேயொரு இயக்கி, அதாவது ஒரு வன்பொருளோடு பேசும் நிரல். எந்த ஆய்வுக்கூடத்திலும் உலகிலுள்ள எல்லா மடிக்கணினிகளையும் வாங்கி அடுக்கிவைக்க முடியாது; வீட்டில் அவற்றை வைத்திருப்பவர்கள்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையின் நடைமுறை எளிது. சோதனைப் பதிப்பைத் தரவிறக்கி, கோப்பு பழுதின்றி வந்ததைக் காட்டும் 64 எழுத்துச் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பென் டிரைவில் எழுதி, முக்கியமான கோப்புகள் இல்லாத கணினியில் நிறுவ வேண்டும். டெபியனில் ஒரு மென்பொருளின் புதிய தொகுப்பு (பேக்கேஜ்) முதலில் நிலையற்ற கிளையில் நுழைந்து, அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் அங்கே காத்திருந்து, கடுமையான புதிய வழு, அதாவது மென்பொருள் பிழை, எதுவும் பதிவாகாவிட்டால் சோதனைக் கிளைக்கு நகரும். இவ்விரண்டு இயங்குதளங்களுக்கும் உட்கருவான லினக்ஸ் கெர்னலிலோ இரண்டு வாரம் மாற்றங்களைச் சேர்த்துவிட்டு, பிறகு வாரம் ஒரு முன்வெளியீடாக, பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு விடுவார்கள். நம் மாணவர் நுழைய வேண்டிய இடம் இந்த வாரங்களே.

முன்வெளியீட்டை நிறுவிய பின், மடிக்கணினியை மூடித் திறந்தால் டச்பேட் வேலை செய்யவில்லை, பழைய வெளியீட்டில் வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. குற்றவாளி எது?

கிணற்றிலிருந்து தோப்புக்கு மண்ணுக்கடியில் செல்லும் குழாயில் எங்கோ அடைப்பு என்றால், யாரும் கிணற்றடியிலிருந்து வரிசையாகத் தோண்டிக்கொண்டு போவதில்லை. நடுவிலுள்ள வால்வைத் திறந்து பார்ப்பார்கள். நீர் வந்தால் அடைப்பு தோப்புப் பக்கம், வராவிட்டால் கிணற்றுப் பக்கம். பிறகு அந்தப் பாதியின் நடு. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த இருமத் தேடலும் இதுவே. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய, நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்னும் மென்பொருளில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு ஒன்றையும் கெட்ட பதிப்பு ஒன்றையும் அதனிடம் சொன்னால், நடுவிலுள்ள ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதைத் தொகுத்து (நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி), கணினியை அதில் துவக்கி, மூடித் திறந்து பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்ற ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டைப் பதினான்கு முறை பெருக்கினால் 16,384. ஆகவே பத்தாயிரத்துச் சொச்சம் மாற்றங்களுக்குப் பதினான்கு கேள்விகள் போதும். ஒன்றுக்கு அரைமணி நேரம் என்றாலும் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். கெர்னலின் வரலாறு நேர்க்கோடாக இல்லாமல் கிளைத்தும் இணைந்தும் போவதால், எந்த விடை வந்தாலும் ஏறத்தாழ பாதியைக் கழிக்கக்கூடிய மாற்றத்தைக் கிட் கணக்கிட்டுத் தேர்கிறது. துவக்கவே மறுக்கும் பதிப்பு குறுக்கிட்டால் அதைத் தாண்டிவிடச் சொல்லலாம். கெர்னல் எழுதப்பட்டிருக்கும் சி மொழியில் ஒரு வரிகூடத் தெரியாத ஒருவர், எழுதிய நிரலரே கண்டுபிடிக்காத பிழையான மாற்றத்தை இவ்வாறு சுட்டிக்காட்டிவிடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் விடை பொய்க்கக் கூடாது. டச்பேட் இரண்டு முறைக்கு ஒரு முறைதான் செத்துப்போகிறது என்றால் என்ன ஆகும்? கெட்டது என்று சொல்ல ஒருமுறை கண்ணால் கண்டாலே போதும். நல்லது என்று சொல்ல ஒருமுறை போதாது. ஐந்து முறை தொடர்ந்து சரியாக வந்தாலும், அது கெட்ட பதிப்பாகவே இருந்து தற்செயலாகத் தப்பியிருக்க முப்பத்திரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவசரப்பட்டு நல்லது என்று சொல்லிவிட்டால், தேடல் தவறான பாதிக்குள் போய், சம்பந்தமே இல்லாத மாற்றத்தின்மேல் பழியைப் போட்டுவிடும். நம் ஊர்க் கோயில்களில் தெய்வத்தின் விடையை அறிய வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று பூவாக்குக் கேட்பதில் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம். அதை நான் குறைசொல்லப் போவதில்லை. ஒருமுறை மட்டும் சோதித்துவிட்டு நல்லது என்று எழுதுவது பூவாக்கு, சோதனை ஆகாது. "இந்தக் கம்ப்யூட்டருக்கு ராசியில்லை" என்று ஒதுக்கப்பட்டவற்றில் பலவும் எண்ணிப் பார்க்கப்படாத இத்தகைய இடைவிட்ட வழுக்களே என்பது என் துணிபு.

கல்லூரிகளில் பழைய கணினிகள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. விலையின்றிக் கிடைக்கும் இயங்குதளத்தை ஆய்வகம் முழுவதும் நிறுவிக்கொள்ளும் நிறுவனங்கள், அதன் சோதனைக்கு இரண்டு பழைய பெட்டிகளையும் அவற்றுக்கான மின்சாரத்தையும் ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துபோகாது. பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் கொடுத்தால் இன்னும் நல்லது.

பதினான்காவது விடைக்குப் பின் கிட் ஒரு மாற்றத்தின் 40 எழுத்து அடையாளத்தைக் காட்டும். கணினியின் மாதிரி, வழு தோன்றும் படிகள், எத்தனை முறைக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கை ஆகியவற்றோடு அதை எழுதி அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தை எழுதியவர் வேறொரு நாட்டில், வேறொரு மடிக்கணினியோடு இருப்பார்; அவரிடம் டச்பேட் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அவர் அனுப்பும் திருத்தம் பலித்ததா என்று பெருந்துறை விடுதி அறையிலிருக்கும் அந்த மடிக்கணினியை மறுபடியும் மூடித் திறந்துதான் பார்க்க வேண்டும். இம்முறையும் ஐந்து தடவைக்குக் குறையாமல்.