மழை வந்ததும் மரத்தரை ஏன் எழும்புகிறது?

"மே மாதம் யூடியூப் பார்த்து நானே படுக்கையறைக்கு மரத்தரை போட்டேன். நவம்பர் மழை தொடங்கியதும் அறையின் நடுவில் தரை எழும்பி நிற்கிறது, மிதித்தால் அமுங்குகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் படவில்லை. வாஸ்துக் கோளாறு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்" என்று மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். அதில் நான் முதலில் தேடியது சுவரோரத்தைத்தான். ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் பலகைகள் சுவரை முட்டிக்கொண்டிருக்கின்றன.

மற்ற வேலைகளை எல்லாம் அவர் சரியாகவே செய்திருக்கிறார். தரை மட்டம் பார்த்து, கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறாமல் இருக்க பாலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் ஃபோம் போட்டு, பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று கிளிக் செய்து கோத்திருக்கிறார். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மொத்தத் தரையும் ஒரே துண்டாக மிதக்கிறது. சரி, அப்புறம் எது தள்ளியது?

காற்றுதான். மரத்துக்கு ஈரம் ஏற, தண்ணீரைக் கொட்டவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். அதுவே 80 சதவீதமானால் சுமார் 16 சதவீதம். மே மாதத்தில் ஏசி அறையில் உலர்ந்திருந்த பலகை, ஐப்பசி மழைக்காற்றில் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

குடித்த நீர் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் அலுக்காத விஷயம். மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து நுண்ணிழைகளாகக் கிடக்கின்றன. சுவரின் மிகத் தடித்த அடுக்கில் இவை மரத்தின் நீளவாக்கில், லேசான சாய்வோடு ஓடுகின்றன. இழைகளின் மேற்பரப்பிலும், அவற்றைச் சூழ்ந்த ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த, நீரை ஈர்க்கும் முனைகள்) ஏராளம். காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகளை அவை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. இழையின் உட்பகுதி படிகமாக இறுகியிருப்பதால் நீர் அதற்குள் நுழைய முடியாது. இழைக்கும் இழைக்கும் நடுவில்தான் இடம் பிடிக்கிறது. ஈர்க்குச்சித் துடைப்பத்தின் கட்டுக்குள் விரலை நுழைத்துப் பாருங்கள். கட்டு பருக்கும், நீளாது. மரத்திலும் நடப்பது அதேதான்.

புதிதாக வெட்டிய பச்சை மரம் முழுதாக உலரும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். குறுக்கில் கதையே வேறு. தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. அமெரிக்கச் சிவப்பு ஓக்கில் இவை 8.6, 4. நம் ஊரில் கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கைத் தேடிப் போவதற்கு இந்தச் சின்ன எண்களும் ஒரு காரணம்.

4 மீட்டர் அகல அறை முழுக்கச் சாதாரண தேக்குப் பலகை பரப்பி, மரத்தின் ஈரம் 9-லிருந்து 14 சதவீதம் ஆனால், தடையே இல்லாத நிலையில் தரை சுமார் 37 மி.மீ. விரிய வேண்டும். வாசகர் போட்டது இன்ஜினியர்டு பலகை. அதில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பார்கள். ஒரு தகடு பருக்கப் பார்க்கும் திசையில்தான் அடுத்த தகட்டின் இழைகள் நீளவாக்கில் கிடக்கின்றன. அவை நீளாது, பக்கத்துத் தகட்டையும் விரிய விடாது. மரத்தைக் கட்டிப்போட மரத்தையே பயன்படுத்தும் இந்த யோசனைக்கு நான் ரசிகன். ஆனாலும் விரிவு அறவே நின்றுவிடாது, சில மி.மீ. மிஞ்சும்.

தரையை எழுப்ப அது போதுமா என்று கேட்டால், பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு சுவருக்கு நடுவே சிக்கிய 4 மீட்டர் தரை 1 மி.மீ. கூடுதலாக நீண்டு, நடுவில் கூரை முகடுபோல எழும்பினால் உயரம் சுமார் 45 மி.மீ. வரும்! 5 மி.மீ. கூடினால் 10 செ.மீ. நிஜத்தில் பலகை வளையும், மூட்டுகள் இறுகும், அதனால் மேடு இவ்வளவு இருக்காது. ஆனால் துளி விரிவு பெரிய மேடாவது இந்தக் கணக்கால்தான்.

பழைய தச்சர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். பழைய கதவுகளில் நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் பசை போடாமல் செருகி, அசைய இடம் விட்டிருப்பார்கள். அந்த அறிவு இருந்த ஊரில் வாஸ்துவைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெங்களூரில் மர ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு நிறுவனம் இயங்குகிறது. வாகை, வேங்கை போன்ற நம் மரங்கள் எந்த ஈரத்தில் எவ்வளவு விரியும் என்ற எண்கள் எளிய தமிழில் தச்சர் கைக்கு வர வேண்டும். அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

வாசகர் இப்போது செய்ய வேண்டியது, சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டையைக் கழற்றிவிட்டு, சுவரோரப் பலகைகளில் 10 முதல் 12 மி.மீ. அறுத்தெடுப்பது. அவசரப்பட்டு நடுவில் கை வைக்க வேண்டாம். மூட்டுகள் உடையாமல் இருந்தால் தரை பெரும்பாலும் தானாகவே படியும். கதவு நிலையைச் சுற்றியும் அதே இடைவெளி வேண்டும். ஸ்கர்டிங்கைத் திரும்பப் பொருத்தும்போது ஆணி சுவரில் இறங்க வேண்டும், தரையில் இறங்கக் கூடாது. தரையோடு சேர்த்துத் திருகிய அலமாரி ஏதும் இருந்தால் அதையும் விடுவித்துவிடுங்கள்.