அட்டிக்கில் ரக்கூன்: தாய் தானாகக் கிளம்பும் வழி

ரக்கூன் என்பது இரவில் நடமாடி, மரமேறி, எதையும் தின்னும் வட அமெரிக்க விலங்கு. அது உள்ளே நுழைய வீட்டில் ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டை போடத் தோதான ஒரு மூலை இருந்தால் போதும். கனடாவின் டொராண்டோ நகரத்து மாடி வீடுகளில் அந்த மூலை பெரும்பாலும் ஒரே மாதிரியான இடத்தில்தான் இருக்கும்: கராஜுக்கோ முன்வாசலுக்கோ மேலுள்ள தாழ்ந்த கூரை, மாடிக் கூரையின் விளிம்பைத் தொடுகிற இடம். கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மெல்லிய அலுமினியத் தகட்டாலோ பிளாஸ்டிக் பலகையாலோ மூடியிருப்பார்கள். சோஃபிட் என்பது அதன் பெயர். கூரைக்கடியிலுள்ள வெற்றிடமான அட்டிக்குக்குள் காற்று போய்வர அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மழைக்கும் பனிக்கும் குளவிக்கும் அது போதும். ஆனால் தாழ்ந்த கூரையில் காலூன்றி, முதுகைக் கொடுத்து மேலே தள்ளுகிற ஏழெட்டுக் கிலோ விலங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு முட்டு முட்டினால் தகடு மடங்கிவிடும்.

அடுத்த வழி, கூரை மேலுள்ள பிளாஸ்டிக் காற்றுப்போக்கி. வெயிலிலும் பனியிலும் பத்துப் பதினைந்து வருடம் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அதன் மூடியைப் பிடித்துத் திருகி எறிந்துவிட்டு இறங்குவது ரக்கூனுக்குப் பெரிய வேலை இல்லை. மேலே ஏறுவதற்கு மழைநீர்க் குழாய், செங்கல் சுவரின் மூலை, சுவரை ஒட்டிய மரம், எது கிடைத்தாலும் சரி. இறங்கும்போது தலைகீழாகவே இறங்கும். பின்னங்கால் பாதத்தை முழுக்கப் பின்பக்கமாகத் திருப்பி நகங்களை ஊன்றிக்கொள்ள அதால் முடியும்.

சரி, ஏன் அட்டிக்? மாடி அறையின் சீலிங்குக்கும் சரிவான வெளிக்கூரைக்கும் நடுவே கிடக்கும் முக்கோண இடம் அது. மனிதர் வருடத்துக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்ப்பதில்லை. தரை முழுக்கக் குளிரைத் தடுக்கப் பரப்பிய பஞ்சு. கீழேயிருந்து கசியும் வீட்டுச் சூடு. காட்டில் ரக்கூன் குடியிருப்பது முதிர்ந்த மரங்களின் பொந்துகளில்: உயரம், இருட்டு, ஒரே வாசல், மழை படாத உட்புறம். இந்த நான்கும் அட்டிக்கில் இருக்கின்றன. அதன் கணக்கில் அது மனிதர் வீட்டுக்குள் புகவில்லை. நல்ல பொந்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ரக்கூனுக்கு வீடு ஒன்றல்ல. தன் வட்டாரத்துக்குள் பல பொந்துகளைத் தெரிந்து வைத்திருக்கும். இன்று இங்கே, நாளை அங்கே என்று மாறி மாறித் தூங்கும். டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சுசான் மெக்டொனால்ட் நகரத்து ரக்கூன்களுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார். அவற்றின் நடமாட்டம் சில தெருக்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, பெரிய சாலைகளை அவை பெரும்பாலும் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. அந்தச் சில தெருக்களுக்குள் எந்த ஷெட்டின் அடியில் இடம் இருக்கிறது, எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்த வீட்டு சோஃபிட் ஆடுகிறது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். அட்டிக்கிலிருந்து அதைக் கிளப்பும் முறைகளில் உருப்படியானவை எல்லாமே இந்த மாற்று வீட்டு வழக்கத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

மாற்று வீடு இருந்தும் வெகுநாள் ஒரே இடத்தில் தங்குகிற காலம் ஒன்று இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும். 63 நாளிலிருந்து 65 நாள் வரை சினைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும். மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து. கண் திறக்கவே மூன்று வாரம் ஆகும். தாயின் பின்னால் வெளியே நடக்க எட்டிலிருந்து பத்து வாரம். ஆகவே வசந்த காலத்தில் சீலிங்குக்கு மேலே நடமாட்டம் கேட்டால், குட்டிகளோடு ஒரு தாய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தகப்பன் அந்தக் குடித்தனத்தில் கிடையாது.

சத்தத்தை வைத்தே ஓரளவு ஆளைக் கண்டுபிடிக்கலாம். பகலில் கிறுகிறுவென்று ஓடினால் அணில். இருட்டின பிறகு, யாரோ மெல்ல அடி எடுத்து வைப்பதுபோல தொம், தொம் என்று கேட்டால் ரக்கூன். குட்டிகள் போடும் சத்தம் பறவைக் குஞ்சுகளின் கீச்சொலி போல இருக்கும். ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது என்று பலர் வாரக்கணக்கில் சும்மா இருந்துவிடுவது இதனால்தான். ஊரில் ஓட்டுக்கூரை மேல் ராத்திரி மரநாய் ஓடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடை அவ்வளவு புதிதல்ல. இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் இரவு நடமாட்டம், மரமேறும் பழக்கம், எதையும் தின்னும் வயிறு, கூரைக்குள் குட்டி போடும் குணம் எல்லாம் ஒத்துப்போகின்றன.

கைகளைப் பற்றிச் சொல்லாமல் ரக்கூனைப் பற்றி எழுத முடியாது. முன்னங்கையில் நீண்ட ஐந்து விரல்கள். குரங்கைப் போலக் கட்டைவிரலை மடக்கிப் பிடிக்க வராது, ஆனால் தொட்டு அறிவதில் குரங்குக்குச் சளைத்ததல்ல. தொடு உணர்வுக்காக மூளையின் மேலடுக்கான புறணி ஒதுக்கியிருக்கும் இடத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு கைகளுக்கே போகிறது. கை நனைந்தால் அதன் உணர்வு இன்னும் கூர்மையாகிறது. ஓடைக்கரையில் எங்கோ பார்த்தபடி தண்ணீருக்குள் துழாவி நண்டு பிடிப்பது அப்படித்தான். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அட்டிக் இருட்டிலும் அதே கைதான் வேலை செய்கிறது. தளர்ந்த ஆணி, தூக்கிக்கொண்ட ஷிங்கிள் என்ற கூரைத் தகடு, ஈரத்தில் ஊறிப்போன பலகை என எல்லாவற்றையும் தடவித் தடவியே கண்டுபிடித்துவிடும்.

மூளையும் மட்டமில்லை. 1907ல் ஹெச். பி. டேவிஸ் என்ற ஆய்வாளர் ரக்கூன்களுக்கு விதவிதமான தாழ்ப்பாள்களைக் கொடுத்துப் பார்த்தார். 13ல் 11ஐ அவை பத்துக்கும் குறைவான முயற்சியில் திறந்துவிட்டன. 2017ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு இன்னும் சுவையானது: ரக்கூனின் மூளை பூனை மூளையின் அளவுதான், ஆனால் அதன் புறணியில் இருக்கும் நியூரான்கள் என்ற நரம்பணுக்களின் எண்ணிக்கை நாயோடு போட்டி போடுகிறது, சுமார் 44 கோடி. டொராண்டோ மாநகராட்சிக்கு இது அனுபவத்தில் தெரியும். சமையல் கழிவைப் போடும் பச்சைத் தொட்டிகளை ரக்கூன்கள் திறந்து திறந்து தின்றதால், திருகித் திறக்கும் பூட்டு வைத்த புதுத் தொட்டிகளை 2016ல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு 3 கோடி டாலருக்கு மேல். பெரும்பாலான ரக்கூன்கள் தோற்றன. ஒன்றிரண்டு, தொட்டியைக் கீழே சாய்த்துப் பூட்டைத் திருகிவிட்டன. இந்த ஊரின் மனநிலையும் விசித்திரம்தான். 2015 ஜூலையில் யங் தெரு, சர்ச் தெரு சந்திப்பில் செத்துக் கிடந்த ஒரு ரக்கூனுக்கு, மாநகராட்சி ஆள் வந்து எடுக்கும்வரை மக்கள் பூவும் மெழுகுவத்தியும் படமும் வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். அதே மக்கள்தான் அட்டிக்கில் சத்தம் கேட்டால் ராத்திரியே ஆள் தேடுகிறார்கள்.

தேடுவதிலும் நியாயம் உண்டு. பஞ்சு வீட்டைக் காப்பது அதனுள் அடைபட்டிருக்கும் காற்றால். மிதித்து அமுக்கினால் அந்தக் காற்று வெளியேறி, அந்த இடத்தில் குளிர் இறங்கும். அதைவிடப் பெரிய சங்கடம் கழிப்பிடம். ரக்கூன் கண்ட இடத்தில் போகாது. ஒரு மூலையைத் தேர்ந்து அங்கேயே திரும்பத் திரும்பப் போகும். கொஞ்ச நாளில் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துப் பிளம்பரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

அந்தக் கழிவில் பேலிசாஸ்காரிஸ் என்ற உருண்டைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். பெரும்பாலும் ரக்கூனுக்கு அதனால் தொந்தரவில்லை. மனிதர் வயிற்றுக்குள் போனால் குடலில் பொரித்த புழுக்குஞ்சுகள் உடம்புக்குள் அலைந்து கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். அபூர்வம்தான், வந்தால் கடுமை. முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆன பிறகே அந்த நிலைக்கு வரும், அப்புறம் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ப்ளீச்சுக்குச் சாகாது. கொதிக்கும் தண்ணீருக்கும் நெருப்புக்கும் மட்டுமே சாகும். அட்டிக்குக்குள் கொதிநீர் ஊற்ற முடியாதே, அதனால்தான் அசுத்தமான பஞ்சை அப்படியே மூட்டை கட்டி வெளியேற்றுகிறார்கள். கையுறையும் சரியான முகக்கவசமும் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. துடைப்பத்தால் உலர்ந்த கழிவைப் பெருக்கித் தூசி கிளப்புவது எல்லாவற்றிலும் மோசம்.

பொறி வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி, எங்காவது காட்டில் விட்டுவிட்டு வரலாமே என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அது சட்டவிரோதம். மாகாண வனவிலங்குச் சட்டத்தின்படி, பிடித்த ரக்கூனை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். கருணை மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 2015 டிசம்பரில் அதே மாகாணத்தின் ஹாமில்டன் நகரத்துப் பக்கம் ரக்கூன் ரேபிஸ் என்ற வெறிநோய் மறுபடியும் தலைகாட்டியது. அதைக் கட்டுப்படுத்தத் தடுப்பு மருந்து வைத்த இரைகளை வருடக்கணக்கில் தூவ வேண்டியிருந்தது. நோய்பிடித்த ஒரு விலங்கை யாரோ காரில் ஏற்றி நூறு கிலோமீட்டர் தள்ளி விட்டால் அந்த வேலை முழுக்க வீண். போன இடத்தில் அந்த ரக்கூனுக்கும் ஒரு பொந்துகூடத் தெரியாது. இங்கேயோ, காலியான அட்டிக்கை அதே தெருவிலுள்ள இன்னொரு ரக்கூன் எடுத்துக்கொள்ளும். பிடிபட்டது தாயாக இருந்தால் மேலே குட்டிகள் பட்டினியில் சாகும். சீலிங் வழியே வரும் நாற்றத்தை அப்புறம் எதனாலும் மறைக்க முடியாது.

நாப்தலின் உருண்டை போடுவதும் வேண்டாத வேலை. அதன் ஆவி அட்டிக்கிலிருந்து படுக்கையறைக்கும் இறங்கும். ரக்கூன் மூலையை மாற்றிக்கொண்டு படுக்கும், மனிதருக்குத்தான் தலைவலி.

உருப்படியான முறைக்கு முதல் கருவி பழைய செய்தித்தாள். நுழையும் துளை என்று சந்தேகப்படும் இடத்தில் தாளைக் கசக்கி லேசாக அடைத்து வைத்துவிட்டு இரண்டு மூன்று இரவு பார்ப்பார்கள். தாள் வெளிப்பக்கம் விழுந்து கிடந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. அசையாமல் இருந்தால் காலி, அல்லது வாசல் வேறு எங்கோ. கடுங்குளிரில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது: ரக்கூன் முழு உறக்கநிலைக்குப் போவதில்லை என்றாலும், உடம்பிலுள்ள கொழுப்பை வைத்து நாட்கணக்கில் வெளியே வராமல் படுத்துக் கிடக்கும்.

குட்டிகள் இல்லை என்று உறுதியானால் துளைக்கு மேல் ஒருவழிக் கதவு. வெளியே மட்டும் திறக்கும், ஸ்பிரிங் வைத்த இரும்பு மடல் அது. உள்ளிருந்து முட்டினால் திறக்கும். ஆள் வெளியே போனதும் மூடிக்கொள்ளும். வெளியேயிருந்து இழுக்கப் பிடி கிடையாது. விலங்கைத் தொடவே வேண்டாம். ராத்திரி இரை தேடப் போகும், விடிகாலை திரும்பி வந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்க்கும், பிறகு தன் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

குட்டிகள் உள்ளே இருக்கும்போது இதே கதவை மாட்டினால் கதை தலைகீழ். கீச்சுச் சத்தம் கேட்கிற தாய், கதவை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே ஷிங்கிளைக் கிழித்துப் புது வழி போடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் குட்டிகளை எடுக்கிறார்கள். அவை பெரும்பாலும் கூரை சரிந்து தரையைத் தொடும் கடைசி ஓரத்தில், ஆள் ஊர்ந்துகூடப் போக முடியாத இடுக்கில், பஞ்சுக்குள் புதைந்து கிடக்கும். தாய் சீறிக்கொண்டு எதிரே நிற்கும். இது வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு ஏறிச் செய்யும் காரியம் இல்லை. எடுத்த குட்டிகளைக் கதகதப்பான பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைக் கூரையிலேயே, துளைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இருட்டியதும் தாய் வரும். ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்விக்கொண்டு போய் வேறு பொந்தில் சேர்க்கும். நாலு குட்டி என்றால் நாலு நடை. எங்கே போகிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அதற்கு இடம் தெரியும்.

குட்டிகளைத் தொடாமலே தாயின் மனத்தை மாற்றும் வழியும் உண்டு. பொந்தின் சிறப்பு இருட்டும் அமைதியும்தானே, அவற்றைக் கெடுத்தால் சரி. அட்டிக் வாயிலில் பளிச்சென்ற விளக்கு ஒன்று, பக்கத்தில் ரேடியோ. பாட்டைவிட மனிதக் குரல் நல்லது என்பார்கள். தமிழ் வானொலியின் விவாத நிகழ்ச்சியைப் போட்டாலும் பலன் ஒன்றுதான். ஆண் ரக்கூனின் வாடை கொண்ட திரவமும் விற்கிறார்கள். ஆண்கள் சில சமயம் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பதால், வாடை பட்ட தாய் இடத்தை மாற்ற நினைக்கும். பொறுமை உள்ளவர்கள், குட்டிகள் நடக்கத் தொடங்கும் வரை விட்டுவிட்டு, கோடை நடுவில் ஒருவழிக் கதவை மாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், மழை ஒழுகாத, கழிவு சீலிங்கைத் தொடாத வீட்டுக்கு இதுதான் செலவு குறைந்த வழி.

பக்கத்து வீட்டு அட்டிக்குக்குப் போய்விடாதா என்றால், போகலாம். சுவரை ஒட்டிய இரட்டை வீடுகளில் அது அடிக்கடி நடக்கிறது. ஆகவே இரண்டு வீட்டுக்காரர்களும் பேசி ஒரே வாரத்தில் இரண்டு கூரைகளையும் அடைப்பது நல்லது. அடைப்பதற்குப் பலகையும் நுரையும் உதவாது. துத்தநாகம் பூசிய தடித்த இரும்பு வலையை, தகட்டோடு அல்லாமல் உள்ளேயிருக்கும் மரச்சட்டத்தோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். காற்றுப்போக்கிகளுக்கும் அதே வலையில் கூண்டு. நுழைந்த துளையை மட்டும் மூடிவிட்டு நிறுத்தக் கூடாது. கூரையைச் சுற்றிவந்து, ஆடுகிற மூலைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெளியேற்றப்பட்ட தாய் அடுத்த சில இரவுகள் அதே வேலையைத்தான் செய்யும், கையால் தடவித் தடவி.